‘டேப்பைக் கொஞ்சம் ஏத்தி வைங்க சார்’: டேப் சேஞ்சர் பற்றிக் கடலூர்ப் பக்கம் கேட்கும் கேள்விகள்

கடலூரை ஒட்டிய ஒரு 110 கேவி, அதாவது 1,10,000 வோல்ட், துணைமின் நிலையத்தில் பல வருடம் ஷிப்ட் பார்த்தவன் நான். இப்போது குடியிருப்பது அரியாங்குப்பத்தில். அந்த நாளில் சப்ஸ்டேஷன் போனை எடுத்தால் பாதிப் பேர் “கரண்ட் எப்ப வரும்?” என்பார்கள். மீதிப் பேரில் பாதி, “வோல்டேஜே இல்ல, டேப்பைக் கொஞ்சம் ஏத்தி வைங்க சார்” என்பார்கள். யாரோ ஒரு லைன்மேன் எப்போதோ சொன்ன வார்த்தை ஊருக்குள் பரவிவிட்டது. போனில் விளக்க நேரமில்லாமல் விட்ட பதில்கள்தான் இவை. டிப்ளமோ படிக்கும் பிள்ளைகள் கேட்டவையும் நடுவில் வரும்.

டேப் என்றால் தண்ணீர் டேப் மாதிரியா? திறந்துவிட்டால் வோல்டேஜ் கூடுதலாக வருமா?

பெயர் ஒன்று, வேலை வேறு. டிரான்ஸ்பார்மருக்குள் இரும்புத் தகடு அடுக்கிய கருவைச் சுற்றி இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கும். அதில் ஒரு சுருளின் நடுநடுவே கம்பியிலிருந்து முனை எடுத்து வெளியே விட்டிருப்பார்கள். அந்த முனைதான் டேப். ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவிதான் டேப் சேஞ்சர். எந்த முனையில் இணைக்கிறோமோ அதைப் பொறுத்து, சுருளில் எத்தனை சுற்று வேலை செய்கிறது என்பது மாறும்.

கணக்குக்காக 110 கேவி பக்கம் 1,000 சுற்று, 11 கேவி பக்கம் 100 சுற்று என்று வைத்துக்கொள்வோம். 110 வந்தால் 11 போகும். சாயங்காலம் மேலிருந்து வருவது 104.5 கேவியாகக் குறைந்தால் இந்தப் பக்கம் 10.45தான். இப்போது 110 கேவி பக்கத்தில் 50 சுற்றைக் கழித்துவிட்டால் மிச்சம் 950. 104.5-ஐ 950-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கிப் பாருங்கள், 11 வந்துவிடும்.

சுற்றைக் குறைத்தால் வோல்டேஜ் கூடுகிறது என்பது முதலில் தலைகீழாகத்தான் படும். ஒரு சுற்றுக்கு எத்தனை வோல்ட் விழுகிறது என்று யோசித்தால் நேராகிவிடும். முதலில் சுற்றுக்கு 110 வோல்ட். மேலே வோல்டேஜ் குறைந்தபோது அது 104.5 ஆனது. சுற்றைக் கழித்ததும் மறுபடி 110.

ஏன் உயர் அழுத்தப் பக்கத்தில் மட்டும் டேப் வைக்கிறார்கள்?

எப்போதும் அப்படி என்றில்லை, பெரும்பாலும் அப்படித்தான். 16 எம்விஏ, அதாவது 16,000 கேவிஏ, கொள்ளளவுள்ள ஒரு டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்ளுங்கள். முழு லோடில் 110 கேவி பக்கம் ஓடுவது 84 ஆம்பியர். 11 கேவி பக்கம் 840. எந்தக் கரண்டை வெட்டி ஒட்டுவது சுலபம் என்று கேட்டால் பதில் அதிலேயே இருக்கிறது.

இன்னொரு காரணம் எனக்கு இன்னும் பிடித்தது. மேலே சொன்ன கணக்கில் ஒரு படி 1.25 சதவீதம் வேண்டும் என்றால், 11 கேவி பக்கத்தில் ஒன்றேகால் சுற்றைக் கழிக்க வேண்டும். கால் சுற்றை எங்கே போய்க் கழிப்பது? கருவைச் சுற்றிய கம்பி ஒன்று முழுச் சுற்றாக இருக்கும், இல்லையென்றால் இருக்காது. உயர் அழுத்தப் பக்கம் சுற்றுகள் நிறைய என்பதால் நுணுக்கமாகப் படி வைக்க முடிகிறது. போதாததற்கு அந்தச் சுருள்தான் வெளிப்பக்கம் இருக்கும். முனை இழுப்பது சுலபம். மூன்று பேஸ் சுருள்களின் ஒரு முனை ஒன்றாகச் சேரும் ஸ்டார் இணைப்பு என்றால், டேப்பை அந்தச் சேரும் இடமான நியூட்ரல் பக்கக் கடைசியில் வைத்துவிடுவார்கள். அங்கே பூமிக்கும் சுருளுக்கும் இடையே வோல்டேஜ் குறைவு. அதனால் மூன்று பேஸுக்கும் சேர்த்து ஒரே கருவி போதும், செலவும் குறையும்.

கரண்ட் போய்க்கொண்டிருக்கும்போதே டேப்பை எப்படி மாற்றுகிறார்கள்? ஊரே அணைந்து எரிய வேண்டாமா?

விஷயமே இந்தக் கேள்விதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஐந்தாம் டேப்பில் இருக்கிறோம், ஆறுக்குப் போக வேண்டும். ஐந்தை முதலில் விட்டுவிட்டு ஆறைத் தொடலாம். விட்ட அந்த நொடியில் கரண்ட் அறுபடும், பெரிய தீப்பொறி இழுக்கும், லோடும் போய்விடும். சரி, ஆறைத் தொட்ட பிறகு ஐந்தை விடலாமா? இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் நடுவில் இருக்கும் சுற்றுகள் ஷார்ட் ஆகிவிடும். ஒரு படிக்கு உண்டான நூற்றுக்கணக்கான வோல்ட், தடையே இல்லாத வட்டத்தில் கரண்டைச் சுழற்றும். இப்படியும் போக முடியாது, அப்படியும் போக முடியாது.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஒட்டி நிற்கும் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு படகிலிருந்து அடுத்ததற்குப் போகிறவர் ஒரு காலை அங்கே வைத்த பிறகுதான் இந்தக் காலை எடுப்பார். ஆனால் இரண்டு படகிலும் கால் வைத்தபடி நின்றுகொண்டிருக்க மாட்டார். டேப் சேஞ்சரும் அதைத்தான் செய்கிறது. இரண்டு கால் வைக்கும் அந்த நேரத்தில் ஓடும் சுழல் கரண்டைக் கட்டுப்படுத்த, இடையில் ஒரு ரெசிஸ்டர். பெர்ன்ஹார்ட் யான்சன் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1927-இல் காப்புரிமை எடுத்த யோசனை இது. ரேகன்ஸ்பர்க் நகரத்து ரைன்ஹவுசன் நிறுவனம் அதைச் செய்து விற்றது. இன்று நம் ஊர்களில் ஓடும் பெரும்பாலான ஆன்லோடு (லோடு ஓடும்போதே மாற்றும்) டேப் சேஞ்சர்கள் அந்த வழி வந்தவைதான்.

உள்ளே இரண்டு பாகம். ஒன்று செலக்டர், இன்னொன்று டைவர்ட்டர். செலக்டருக்கு இரண்டு கை உண்டு. ஒன்று ஒற்றைப்படை டேப்புகளில் போகும், மற்றது இரட்டைப்படையில். ஐந்தில் கரண்ட் போய்க்கொண்டிருக்கும்போது இரட்டைப்படைக் கை சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் கை, அவசரமில்லாமல் நகர்ந்து ஆறில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதில் கரண்ட் இல்லாததால் பொறியும் இல்லை.

அப்புறம் டைவர்ட்டர். ஐந்தின் முக்கியத் தொடுமுனை விலகும், கரண்ட் ஐந்தின் ரெசிஸ்டர் வழியாக ஓடும். உடனே ஆறின் ரெசிஸ்டர் முனை தொடும். இப்போது இரண்டு படகிலும் கால். சுழல் கரண்ட் உண்டு, ஆனால் இரண்டு ரெசிஸ்டரும் அதை அடக்கி வைக்கின்றன. ஐந்தின் ரெசிஸ்டர் முனை விலகும். கடைசியாக ஆறின் முக்கிய முனை தொடும். இவ்வளவும் நடக்க 40 முதல் 60 மில்லிசெகண்ட். நம் மின்சாரத்தின் ஓர் அலை 20 மில்லிசெகண்ட் என்பதால், இரண்டு மூன்று அலைக்குள் வேலை முடிந்தது. வீட்டில் பல்பு சிமிட்டுவதுகூடத் தெரியாது.

இந்த வேகத்தை மோட்டாரை நம்பி விடுவதில்லை. மோட்டார் ஒரு ஸ்பிரிங்கை இழுத்து வைக்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங் விடுபட்டதும் டைவர்ட்டர் ஒரே அடியில் தாவிவிடும். நடுவில் மோட்டாருக்குக் கரண்ட் போனாலும் தாவல் பாதியில் நிற்காது. நிற்கவும் கூடாது. அந்த ரெசிஸ்டர்கள் கணநேர வேலைக்கு உண்டானவை. நடுவில் மாட்டிக்கொண்டால் வெந்துவிடும்.

சப்ஸ்டேஷன் பக்கம் போனால் ‘ர்ர்ர்… டக்’ என்று ஒரு சத்தம் வருகிறதே?

அதுதான் இது. டிரான்ஸ்பார்மர் டேங்க்கின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி மாட்டியிருக்கும், டிரைவ் பாக்ஸ். கன்ட்ரோல் ரூமில் ‘ரெய்ஸ்’ பொத்தானை அழுத்தினால் பெட்டிக்குள் மோட்டார் ர்ர்ர் என்று ஓடும். பேனலில் ‘டேப் மாறுகிறது’ என்னும் விளக்கு எரியும். சில நொடி கழித்து டேங்க்குக்கு உள்ளிருந்து, எண்ணெய்க்குள் சுத்தியல் அடித்த மாதிரி, ஒரு ‘டக்’. கண்ணாடி ஜன்னலில் 5 இருந்த இடத்தில் 6 வந்து நிற்கும், பக்கத்தில் கவுண்டர் ஓர் எண் ஏறும். ர்ர்ர் என்பது ஸ்பிரிங் ஏற்றும் சத்தம், டக் என்பது தாவல். ராத்திரி ஷிப்டில் அந்த ‘டக்’ வந்த பிறகுதான் டீயை வாயில் வைப்பேன். ர்ர்ர் மட்டும் வந்து டக் வராவிட்டால் அன்றைக்குத் தூக்கம் கிடையாது.

மொத்தம் எத்தனை டேப்? பெரிய எண் என்றால் பெரிய வோல்டேஜா?

நம் பக்கம் 110 கேவி டிரான்ஸ்பார்மர்களில் அதிகம் காணும் அமைப்பு 17 டேப். ஒரு படிக்கு 1.25 சதவீதம், அதாவது 1.375 கேவி. முதல் டேப் 115.5 கேவிக்கு, ஐந்தாவது 110-க்கு, பதினேழாவது 93.5-க்கு. பெயர்ப் பலகையில் முழுப் பட்டியலும் பொறித்திருக்கும். எண் ஏற ஏற உயர் அழுத்தச் சுற்று குறைகிறது, நம் பக்க வோல்டேஜ் ஏறுகிறது. மேல்நோக்கி நாலு படி, கீழ்நோக்கிப் பன்னிரண்டு படி என்று சமமில்லாமல் வைத்திருப்பதிலேயே நம் கிரிட்டின் குணம் தெரியும். குறைவாக வரும் நாள்தான் அதிகம் என்று வாங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தானாக மாறுமா, ஆள் உட்கார்ந்து மாற்றுவதா?

இரண்டும் உண்டு. தானாக மாற்றுவது ஏ.வி.ஆர். ரிலே என்னும் வோல்டேஜ் சீராக்கும் கருவி. ஊருக்குப் போகும் லைன்கள் எல்லாம் பிரியும் பொதுக் கம்பியான 11 கேவி பஸ்ஸின் வோல்டேஜை, பி.டி. என்னும் சின்ன அளவு டிரான்ஸ்பார்மர் வழியாக 110 வோல்ட்டாகக் குறைத்து அது பார்த்துக்கொண்டே இருக்கும். நாம் வைத்த எல்லையைத் தாண்டினால் உடனே பாயாது. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பொறுத்துப் பார்க்கும். பெரிய மோட்டார் ஒன்று ஸ்டார்ட் ஆகும்போது நொடி நேரம் வோல்டேஜ் முங்கும், பிறகு அதுவே எழுந்துவிடும். அதற்கெல்லாம் டேப் மாற்றினால் கருவி தேய்ந்துபோகும்.

எல்லையை ரொம்ப நெருக்கமாகவும் வைக்கக் கூடாது. ஒரு படி 1.25 சதவீதம் என்றால், எல்லை அதைவிடக் குறுகலாக இருந்தால் ஏற்றினால் அதிகம், இறக்கினால் குறைவு என்று நாள் முழுக்க ஊஞ்சல் ஆடும்.

ரிலேயை ஆட்டோவில் போடாமல் கையிலேயே வைத்து ஓட்டும் பழக்கம் பல ஆபரேட்டர்களுக்கு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் சோம்பல் மாதிரி தெரியும். எனக்கு அந்தப் பழக்கம் வந்த கதையைச் சொல்கிறேன். ஒரு நிலையத்தில், பெயர் வேண்டாம், பழைய ரிலே ஒன்று ஆட்டோவில் இருந்தது. ஒருநாள் பி.டி. ஃபியூஸ் போய்விட்டது. பஸ்ஸில் வோல்டேஜ் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ரிலேவுக்கு வரும் கம்பியில் ஒன்றுமில்லை. ‘ஐயோ, வோல்டேஜ் விழுந்துவிட்டது’ என்று அது நினைத்துக்கொண்டு டேப்பை ஏற்ற ஆரம்பித்தது. ர்ர்ர்… டக். ஒரு நிமிடம். ர்ர்ர்… டக். மீட்டரும் அதே பி.டி.யில் இருந்ததால் பேனலில் பூஜ்யம்தான் தெரிந்தது. நான் வெளியே யார்டில் இருந்தேன். டக் சத்தம் ஆறாவது முறை கேட்டபோதுதான் உறைத்தது. ஓடிப்போய் மேனுவலில் திருப்பி, எண்ணி எண்ணி ஆறு படி இறக்கினேன். அதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது, இந்த முறை ‘பல்பு போச்சு சார்’ என்று.

இப்போது வரும் ரிலேக்களில் வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனால் டேப்பை ஏற்றாமல் தடுத்து நிற்கும் வசதி உண்டு. அது சரியாக வைக்கப்பட்டிருந்தால் ஆட்டோவே மேல். ராத்திரி மூன்று மணிக்கு எந்த ஆபரேட்டரும் நிமிடத்துக்கொரு தடவை மீட்டரைப் பார்ப்பதில்லை, நான் உட்பட.

இரண்டு டிரான்ஸ்பார்மரை ஒரே பஸ்ஸில் சேர்த்து ஓட்டும்போது?

இரண்டும் ஒரே டேப்பில் இருக்க வேண்டும். ஒன்று முன்னே போனால் அதன் வோல்டேஜ் சற்றுக் கூடும். அந்த வித்தியாசம் ஊருக்குப் போகாமல் இரண்டு டிரான்ஸ்பார்மருக்குள்ளேயே கரண்டைச் சுழற்றும். ஒவ்வொன்றுக்கும் இம்பீடன்ஸ், அதாவது உள்ளே கரண்டைத் தடுக்கும் அளவு, 10 சதவீதம் என்றால், ஒரு டேப் வித்தியாசத்துக்கு 1.25-ஐ 20-ஆல் வகுக்க வேண்டும். முழு லோடு கரண்டில் 6.25 சதவீதம். மேலே சொன்ன 840 ஆம்பியர் கணக்கில் ஐம்பத்துச் சொச்சம். நாலு டேப் விலகினால் 210 ஆம்பியர் யாருக்கும் பயனில்லாமல் சூடேற்றிக்கொண்டிருக்கும். அதனால் ஒன்றைத் தலைவனாகவும் மற்றதைப் பின்தொடர்பவனாகவும் வைப்பார்கள். பின்னது வராவிட்டால் அலாரம் அடிக்கும்.

எங்கள் தெரு முனை டிரான்ஸ்பார்மரிலும் இது இருக்கிறதா?

இல்லை. 25, 63, 100 கேவிஏ மாதிரி சின்னதில் பெரும்பாலும் டேப்பே இருக்காது. 200, 250, 500 கேவிஏக்களில் ஒரு கைப்பிடி இருக்கும், ஐந்து நிலை. 11,550, 11,275, 11,000, 10,725, 10,450 வோல்ட் என்று பலகையில் போட்டிருக்கும், படிக்கு இரண்டரை சதவீதம். ஆனால் இது கரண்டை நிறுத்திவிட்டு மட்டுமே திருப்ப வேண்டியது. டைவர்ட்டர் கிடையாது, ரெசிஸ்டர் கிடையாது. லோடில் திருப்பினால் உள்ளே பொறி இழுத்து எண்ணெய் வெடிக்கலாம். லைன்மேன் எல்.சி. என்னும் வேலை அனுமதி வாங்கி, லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, இரண்டு பக்கமும் எர்த் ராடு போட்ட பிறகுதான் ஏறுவார். தாழ்வழுத்தப் பக்கம் ஏன் எர்த் என்றால், யாரோ ஒரு வீட்டு ஜெனரேட்டர் தவறான இணைப்பில் திரும்பி ஊட்டினால் அதே டிரான்ஸ்பார்மர் மேலே 11,000 வோல்ட்டை உண்டாக்கிவிடும். திருப்பிய பின் பூட்டுக் குழியில் சரியாக விழுந்ததா என்று பார்க்க வேண்டும். பாதியில் நின்ற கைப்பிடி, மெதுவாக எரியும் டிரான்ஸ்பார்மர்.

இவ்வளவு சிரமம் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை, இருமுறைகூட அதைத் தொட மாட்டார்கள்.

எங்கள் ஊரில் சாயங்காலம் 180 வோல்ட்தான். டேப்பை ஏற்றினால் சரியாகிவிடுமா?

நேர்மையான பதில்: பெரும்பாலும் ஆகாது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வயலில் ஒரு கொட்டகை என்று வையுங்கள். டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரு கிலோமீட்டர், மெல்லிய அலுமினியக் கம்பி, பேஸுக்கு ஏறக்குறைய ஓர் ஓம் தடை. வழியில் இருக்கும் மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து 40 ஆம்பியர் இழுக்கின்றன. கம்பியிலேயே 40 வோல்ட் போய்விட்டது. டிரான்ஸ்பார்மர் அடியில் 230 இருந்தாலும் கொட்டகையில் 190 பக்கம்தான்.

டேப்பை இரண்டு படி ஏற்றினால் கூடுவது ஐந்து சதவீதம், பன்னிரண்டு வோல்ட் சொச்சம். 190 என்பது 202 ஆகும், மோட்டார் அப்போதும் முனகும். அதே நேரம் டிரான்ஸ்பார்மரை ஒட்டிய டீக்கடைக்காரருக்கு என்ன ஆகும்? இந்த டிரான்ஸ்பார்மர்களின் லோடில்லா வோல்டேஜ் 433, ஒரு பேஸுக்கு 250. ஐந்தாம் நிலையில் வைத்து 11,000 முழுதாக வந்தால் பேஸுக்கு 263. சட்டப்படி வீட்டு இணைப்புக்கு 230-இல் ஆறு சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 216-இலிருந்து 244 வரை. டீக்கடையின் ஃபிரிட்ஜ் ராத்திரி பத்து மணிக்கு 263-இல் ஓடும்.

இதற்குத் தீர்வு இன்னொரு டிரான்ஸ்பார்மரை லோடுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது, கம்பியைத் தடிமனாக மாற்றுவது, மூன்று பேஸிலும் லோடைச் சமமாகப் பிரிப்பது, பம்புசெட்டுக்குக் கெப்பாசிட்டர் போடுவது. டேப் ஏற்றுவது பத்து நிமிட வேலை, இவையெல்லாம் பத்து மாத வேலை. ஆகவேதான் எல்லோரும் டேப்பைக் கேட்கிறார்கள்.

ஒரு பேஸில் 280, இன்னொன்றில் 150 என்று வருகிறது. இது டேப் கோளாறா?

இல்லை. உடனே மெயினை அணையுங்கள். நியூட்ரல் அறுந்திருக்கிறது, அல்லது எங்கோ தளர்ந்திருக்கிறது. டேப் மூன்று பேஸையும் ஒன்றாகத்தான் ஏற்றும், இறக்கும். ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்குவது அதன் வேலையே அல்ல.

ராத்திரி மட்டும் வோல்டேஜ் கூடுகிறதே, ஏன்?

பகலில் கம்பி தின்ற வோல்டேஜை ராத்திரி தின்ன ஆளில்லை. நீளமான உயர் அழுத்த லைன்கள் லோடில்லாதபோது தாமே வோல்டேஜைத் தூக்கவும் செய்யும்.

இதை நான் கண்ணால் பார்த்தது 2011 டிசம்பர் 30-க்குப் பிறகு. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய நாள் அது. கம்பம் கம்பமாகச் சாய்ந்து கிடந்தது. சப்ஸ்டேஷனுக்குச் சப்ளை வந்த பிறகும் வாங்கிக்கொள்ள ஊரில் லைன் இல்லை. வழக்கமாக ஒன்பதாம் டேப், பத்தாம் டேப் என்று ஓட்டும் டிரான்ஸ்பார்மரை மூன்றுக்கும் நாலுக்கும் இறக்கி வைத்திருந்தோம். பிறகு ஊருக்குப் போகும் லைன்களான ஃபீடர்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற, டேப் எண்ணும் ஏறியது. லாக் ஷீட்டில் அந்த எண்ணைப் பார்த்தே எவ்வளவு ஊர் எழுந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

மொட்டை மாடி சோலார் வைத்தேன். மதியம் இன்வெர்ட்டர் நின்று நின்று வருகிறது. டேப்பா காரணம்?

இருக்கலாம். புதுச்சேரியில் வில்லியனூர், லாஸ்பேட்டை என்று மாடிக்கு மாடி பேனல் ஏறுகிறது. வெயில் நேரத்தில் நீங்கள் திருப்பி அனுப்பும் கரண்ட், டிரான்ஸ்பார்மரை நோக்கி ஓடும்போது உங்கள் வீட்டு வோல்டேஜ் டிரான்ஸ்பார்மரைவிட மேலே போகும். தெரு டிரான்ஸ்பார்மர் ஏற்கெனவே உயர்ந்த நிலையில் இருந்தால் இன்வெர்ட்டர் தன் எல்லையைத் தொட்டு நின்றுவிடும். சாயங்காலத்துக்கு ஏற்ற டேப் மதியத்துக்கு ஆகாது, மதியத்துக்கு ஏற்றது சாயங்காலத்துக்கு ஆகாது. கையால் திருப்பும் டேப்புக்கு இதில் வழியில்லை. ஜெர்மனியில் இதற்காகவே தெரு டிரான்ஸ்பார்மருக்கும் ஆன்லோடு டேப் சேஞ்சர் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டு ஸ்டெபிலைசர் ‘டக் டக்’ என்பதும் இதுவேதானா?

சின்னத் தம்பி. ரிலே வகை ஸ்டெபிலைசருக்குள் டேப் எடுத்த ஒரு சின்ன ஆட்டோ டிரான்ஸ்பார்மர் இருக்கும், ரிலே ஒவ்வொரு டேப்பாக மாற்றும். அதில் ரெசிஸ்டர் வித்தை கிடையாது, கணநேரம் அறுந்து ஒட்டும். அதனால்தான் அது மாறும்போது பழைய டியூப் லைட் ஒரு சிமிட்டு சிமிட்டும்.

டேப் சேஞ்சருக்கு என்னென்ன கோளாறு வரும்?

டிரான்ஸ்பார்மரில் நகரும் பாகம் என்று பார்த்தால் விசிறியையும் பம்பையும் விட்டால் இது ஒன்றுதான். நகர்வது தேயும்.

ஒவ்வொரு தாவலிலும் சின்னதாக ஒரு பொறி எண்ணெய்க்குள் எழும். எண்ணெய் கருக்கும், கரி படியும். அதனால்தான் டைவர்ட்டரின் எண்ணெயைப் பெரிய டேங்க் எண்ணெயோடு கலக்க விடுவதில்லை; தனி அறை, கன்சர்வேட்டர் என்னும் மேல் எண்ணெய்த் தொட்டியும் தனி. பாதுகாப்புக்கும் தனி ஆள். பெரிய டேங்க்குக்கு, உள்ளே வாயு உண்டானால் காட்டிக்கொடுக்கும் புக்கோல்ஸ் ரிலே, டைவர்ட்டருக்கு எண்ணெய் பாய்ச்சலைப் பார்க்கும் சர்ஜ் ரிலே. சர்ஜ் ரிலே டிரிப் ஆனால் அதை ரீசெட் செய்து டிரான்ஸ்பார்மருக்கு மறுபடி சப்ளை கொடுக்கும் தைரியம் யாருக்கும் வரக் கூடாது. திறந்து பார்த்த பிறகுதான்.

ஒரு நாளைக்கு 20 தடவை மாறினால் வருடத்துக்கு 7,300. ஏழு வருடத்தில் 50,000-ஐத் தாண்டும். எண்ணெயில் பொறி விடும் வகைகளைச் சுமார் அந்த எண்ணிக்கைக்குள் திறந்து, முனைகளை அளந்து, எண்ணெயை மாற்றுவார்கள். வேக்குவம் குப்பிக்குள் பொறியை அடைக்கும் புதிய வகை 3 லட்சம் தடவை வரை பராமரிப்பு கேட்காது.

பலருக்குத் தெரியாத ஒன்று: மாற்றாமலே வைத்திருப்பதும் கெடுதல். வருடக்கணக்கில் ஒரே டேப்பில் நின்றால் செலக்டர் முனையில் படலம் படியும், சூடேறும், கரி கட்டும். பராமரிப்பு நாளில் ஒன்றிலிருந்து பதினேழு வரை நாலைந்து தடவை ஓட்டிப் பார்ப்பது அந்தப் படலத்தைத் தேய்த்து எடுக்கத்தான்.

நம் ஊருக்கென்று உள்ள கோளாறு கடல் காற்று. டிரைவ் பாக்ஸ் கதவின் ரப்பர் கொஞ்சம் விட்டால் போதும், உப்பு ஈரம் உள்ளே போய் லிமிட் சுவிட்சும் டெர்மினலும் பச்சை பூத்துவிடும். ஈரம் தங்காமல் இருக்க பெட்டிக்குள் ஒரு சின்ன ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். அந்த வெதுவெதுப்புக்குப் பல்லி வரும். கான்டாக்டரின் நடுவே நசுங்கிய பல்லியால் டேப் மாறாமல் நின்றதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

17 வரைதான் வைத்திருக்கிறார்கள். இன்னும் ஏற்ற வைத்தால் லோ வோல்டேஜே இருக்காது அல்லவா?

டேப் சேஞ்சர் மின்சாரம் செய்வதில்லை. இருப்பதை வேறு விகிதத்தில் மாற்றித் தருகிறது. டேப்பை ஏற்றி ஊரின் வோல்டேஜைத் தூக்கினால் ஊர் இழுக்கும் லோடும் ஏறும், 110 கேவி லைனில் கரண்ட் கூடும், அங்கே வோல்டேஜ் இன்னும் விழும். அதைப் பார்த்து அடுத்த சப்ஸ்டேஷனும் ஏற்றும். மேலே ஜெனரேட்டர்களிடமும் கெப்பாசிட்டர்களிடமும், வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கும் ரியாக்டிவ் பவர் கைவசம் இல்லாத நாளில், எல்லோரும் சேர்ந்து ஏற்றினால் கிரிட்டே சரிந்துவிடும். அப்படிப்பட்ட நேரத்தில் ‘டேப்பைத் தொடாதே’ என்று கிரிட்டைக் கவனிக்கும் லோடு டெஸ்பாட்ச் மையத்திலிருந்து உத்தரவு வரும். நெய்வேலி கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே உண்டாகும் மின்சாரம் கிரிட்டுக்குப் போகிறது, நம் வீட்டுக்குத் தனியாகக் கம்பி இழுத்து வரவில்லை.

சரி, லோ வோல்டேஜுக்குப் புகார் கொடுக்கும்போது என்ன சொல்வது?

‘வோல்டேஜ் இல்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். கையாளத் தெரிந்தவரை வைத்து மீட்டர் பெட்டிக்குப் பக்கத்து பிளக்கில் அளக்கச் சொல்லுங்கள். மதியம் எவ்வளவு, இரவு ஏழரை மணிக்கு எவ்வளவு, பதினொன்றுக்கு எவ்வளவு, டிரான்ஸ்பார்மரை ஒட்டிய வீட்டில் அதே ஏழரைக்கு எவ்வளவு. அங்கே 230 இருந்து உங்களிடம் 190 என்றால் கோளாறு கம்பியில். அங்கேயும் 190 என்றால் ஃபீடரிலோ சப்ஸ்டேஷன் டேப்பிலோ. இந்த நாலு எண்ணோடு போனால், டேப்பைப் பார்ப்பதா, கம்பிகளை இணைக்கும் ஜம்பரைப் பார்ப்பதா என்று உதவிப் பொறியாளர் (ஏ.இ.) ஆபீஸை விட்டுக் கிளம்பும்போதே முடிவு செய்துவிடுவார்.